நிறமேறாத உட்கரு

ஆன்டிபாடி ஊற்றித் திசுவில் புரதத்தைத் தேடும் ஐ.ஹெச்.சி. மேசையில் மற்ற ஆன்டிபாடிகளுக்கெல்லாம் பழுப்பு நிறம் வந்தால் விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மார்பகக் கட்டிக்கு ஈ.ஆர். போடுகிறோம், உட்கரு பழுப்பானால் அந்த அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாம். நெறிகட்டிக்குச் சி.டி.20 போடுகிறோம், செல்லின் விளிம்பு பழுப்பானால் அது பி செல். எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6 என்று எழுதியிருக்கும் நான்கு குப்பிகள் மட்டும் வேறு ரகம். இவற்றில் நிறம் வராமல் போவதுதான் சேதி. ஆனால் நிறம் வராமல் போக வேறு எத்தனையோ காரணங்கள் உண்டு. பஃபர் கெட்டிருக்கலாம். திசு ஃபார்மலினில் சரியாக ஊறாமல் இருந்திருக்கலாம். குப்பி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜுக்கு வெளியே கிடந்திருக்கலாம். என் கை தவறியிருக்கலாம். நோயால் வந்த வெறுமை எது, தவறால் வந்த வெறுமை எது என்று பிரித்துப் பார்ப்பதிலேயே என் 24 வருட வேலையில் பெரும்பகுதி போயிருக்கிறது.

டி.எம்.எல்.டி. முடித்து மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஹிஸ்டோபேத்தாலஜி லேபில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் மைக்ரோடோமில் உட்கார்ந்து மெழுகு பிளாக் வெட்டியதைத் தவிர வேறு எதையும் சீனியர் அண்ணன் என்னிடம் கொடுக்கவில்லை. மூன்று மைக்ரான் கனம். பிளேடிலிருந்து ரிப்பன் போல் இறங்கும் மெழுகை வாட்டர் பாத்தில் சுருக்கமில்லாமல் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் பிளாக் இளகும். ஐஸ்கட்டியில் கவிழ்த்து வைத்து வைத்து வெட்டுவோம். "செக்‌ஷன் சரியில்லன்னா எந்த ஆன்டிபாடியும் உன்னைக் காப்பாத்தாது தம்பி" என்பார் அண்ணன். அன்றைக்கு அது அதட்டலாகத்தான் காதில் விழுந்தது.

பிளாக்குகள் எங்களுக்குத் தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வரும். சிலது கூரியரில், சிலது பஸ் பார்சலில். பாதிக்கு மேல் நோயாளியின் வீட்டாரே கையில் கொண்டுவருவார்கள். மஞ்சப்பைக்குள் ஒரு காகித உறை, உறைக்குள் ஜிப் கவர், அதற்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மெழுகுக் கட்டி. கட்டிக்குள் அவர்கள் வீட்டு மனிதரின் குடலிலிருந்து எடுத்த துண்டு. கவுன்டரில் அதைக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்காமல் பிளாக் போகும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃபார்மலினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. எங்கள் தொழிலின் பாதித் துயரம் அதில்தான் இருக்கிறது. திசுவை எடுத்த கையோடு, அதன் அளவுக்குப் பத்து மடங்காவது 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும். ஃபார்மலின் உள்ளே இறங்குவது மணிக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான். பெருங்குடலை அரை அடி நீளத்துக்கு வெட்டியெடுத்து, நறுக்கித் திறக்காமல், வாய் குறுகிய பாட்டிலுக்குள் திணித்து, குழாய்த் தண்ணீர் கலந்த ஃபார்மலினைக் கழுத்துவரை ஊற்றி அனுப்பினால், வெளிப்பக்கம் பதமாகிவிடும். நடுப்பகுதி அழுகத் தொடங்கிவிடும். அந்த நடுப்பகுதியிலிருந்து எடுத்த பிளாக்கில் நான் என்ன ஆன்டிபாடி போட்டாலும் பழுப்பேறாமல் நீலமாகத்தான் வரும். கொலனோஸ்கோப்பியில் கிள்ளியெடுத்த அரிசி அளவுத் துணுக்கு பல நேரம் முழுக் குடலைவிட நல்ல விடை தருவது இதனால்தான். சின்னதாக இருப்பதால் ஃபார்மலின் உடனே உள்ளே போய்விடுகிறது.

ஆனால் அதே ஃபார்மலின்தான் புரதங்களை ஒன்றோடொன்று பின்னி இறுக்கியும் விடுகிறது. ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய இடம் அந்தப் பின்னலுக்குள் மறைந்துபோகும். ஸ்லைடைக் கரைசலில் போட்டுக் கொதிக்கவைத்தால் பின்னல் தளர்ந்து அந்த இடம் வெளியே வரும் என்று 1991இல் ஷி என்பவரும் கூட்டாளிகளும் மைக்ரோவேவ் அடுப்பை வைத்துக் காட்டினார்கள். நாங்கள் அதைக் குக்கரில் செய்தோம். ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, பி.ஹெச் 9 டிரிஸ்-ஈ.டி.டி.ஏ. பஃபர். விசில் எண்ணி அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை தொடாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரைக் காட்டினால் செக்‌ஷன் ஸ்லைடிலிருந்து உரிந்து மிதக்கும். இப்போது எங்களிடம் தானியங்கி மெஷின் இருக்கிறது. அது கெட்டுப்போகும் நாட்களுக்காக அந்தக் குக்கரை நான் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் வேறு எதையும் சூடாக்க யாரையும் விடுவதில்லை.

அடுத்தது குப்பி. கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் கேம்பிரிட்ஜில் ஒரே ஒரு செல்லின் வாரிசுகளிலிருந்து ஒரே மாதிரியான ஆன்டிபாடியைத் தீராமல் எடுக்கும் வழியைக் கண்டார்கள். எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கும் மோனோக்ளோனல் குப்பிகளுக்கெல்லாம் வேர் அதுதான். ஜெல் பேக் சூழ, தெர்மாகோல் பெட்டியில் வரும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. அடர்த்தியான ஒரு சின்னக் குப்பியின் விலை நான் சேர்ந்த காலத்தில் என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அதை 50 மடங்கு, 100 மடங்கு, 200 மடங்கு என்று நீர்க்கவைத்து, எந்த அளவில் உட்கரு தெளிவாகவும் பின்புலம் சுத்தமாகவும் வருகிறது என்று பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதிவைப்போம். பிறகு ஸ்லைடின் மேல் 100 மைக்ரோலிட்டர். அதன் மேல் பெராக்சிடேஸ் என்சைம் கட்டிய இரண்டாவது கரைசல். முள்ளங்கிக்கு உறவான ஒரு கிழங்கிலிருந்து எடுத்த என்சைம் அது. கடைசியாக டேப் (டி.ஏ.பி.) என்ற நிறமூட்டி. என்சைம் இருக்கும் இடத்தில் மட்டும் டேப் பழுப்பாகப் படியும். ஹீமாடாக்சிலின் போட்டால் மற்ற உட்கருக்கள் நீலமாகும்.

இந்த நான்கு புரதங்கள் செல்லுக்குள் என்ன வேலை செய்கின்றன என்பதை எனக்கு விளங்கவைத்தது பாடப்புத்தகம் அல்ல, அப்பாவின் தொழில். அவர் மதுரையில் ஓர் அச்சகத்தில் இருந்தார். மெய்ப்பு பார்க்கும்போது இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவார். இரண்டில் ஒருவர் வராத நாளில் மெய்ப்பு வேலை நடக்காது. ஒவ்வொரு முறை செல் இரண்டாகும்போதும் ஏறக்குறைய 600 கோடி எழுத்துள்ள டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும் என்சைம் தன் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். அதையும் தப்பிவரும் பிழைகளைப் பிடிப்பதற்கு இரண்டு ஜோடிகள் உண்டு. எம்.எஸ்.ஹெச்.2உம் எம்.எஸ்.ஹெச்.6உம் சேர்ந்து இழையின் மேல் ஊர்ந்து, எழுத்து பொருந்தாத இடத்தில் நிற்கும். எம்.எல்.ஹெச்.1உம் பி.எம்.எஸ்.2உம் சேர்ந்து அங்கே வரும். புதிய இழையில் வெட்டுப் போடுவது பி.எம்.எஸ்.2, அது ஓர் எண்டோநியூக்ளியேஸ் என்சைம் என்பதை 2006இல்தான் பால் மாட்ரிச்சின் ஆய்வகம் காட்டியது. வெட்டிய இடத்திலிருந்து பிழை உள்ள பகுதி நீக்கப்பட்டு மறுபடி எழுதப்படுகிறது. மாட்ரிச்சுக்கு 2015இல் லிண்டாலுடனும் சான்சாருடனும் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்ட மறுநாள், எங்கள் பேத்தாலஜிஸ்ட் மேடம் செய்தித்தாளோடு என் மேசைக்கு வந்து, "நீங்க போடுற பி.எம்.எஸ்.2க்குக் கிடைச்சிருக்கு" என்றார். அந்தத் தாள் இன்னும் என் டிராயரில் இருக்கிறது.

ஜோடி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எம்.எல்.ஹெச்.1 இல்லையென்றால் பி.எம்.எஸ்.2 தனியாக நிலைக்காது. செல் அதைச் சிதைத்துவிடும். எம்.எஸ்.ஹெச்.2 இல்லையென்றால் எம்.எஸ்.ஹெச்.6க்கும் அதே கதி. ஆனால் திருப்பிப் பார்த்தால் அப்படியில்லை. பி.எம்.எஸ்.2 மட்டும் போனால் எம்.எல்.ஹெச்.1 வேறு துணையோடு நிலைத்திருக்கும். அதனால் நான்கு ஸ்லைடுகளில் எது எது நீலமாக வந்தது என்ற கோலத்தைப் பார்த்தே எந்த ஜீனில் கோளாறு என்று டாக்டர் ஊகிக்கலாம். எம்.எல்.ஹெச்.1உம் பி.எம்.எஸ்.2உம் சேர்ந்து போயிருந்தால், வயதானவர்களில் பெரும்பாலும் அது பரம்பரை இல்லை. கட்டிக்குள் மட்டும் எம்.எல்.ஹெச்.1 ஜீன் மெத்தில் ஒட்டி அடைபட்டிருக்கும். பி.எம்.எஸ்.2 மட்டும் தனியாகப் போயிருந்தால் பரம்பரையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அந்த ஜீனைப் படிப்பதும் சுலபமல்ல. அதைப் போலவே எழுதப்பட்ட செயலற்ற நகல்கள் குரோமோசோமில் பல இடங்களில் கிடக்கின்றன. சீக்வென்ஸ் செய்யும் மெஷினே மூலம் எது, நகல் எது என்று தடுமாறும். அதனால் என் ஸ்லைடின் சாட்சிக்கு அங்கே கூடுதல் எடை.

இந்த ஜீன்கள் பழுதாகி வரும் பரம்பரை நோயின் கதை ஒரு தையல்காரப் பெண்ணிடம் தொடங்குகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேத்தாலஜிஸ்டாக இருந்த ஆல்ட்ரெட் வார்த்தினுக்கு 1895இல் அவர் அறிமுகமானார். எங்கள் வீட்டில் எல்லாரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் இளவயதில் போவேன் என்று சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எழுதி 1913இல் வெளியிட்டார். 1966இல் நெப்ராஸ்காவில் ஹென்றி லிஞ்ச் அதே போன்ற குடும்பங்களை விவரித்தார். இன்று நோய்க்கு அவர் பெயர். காரணமான ஜீன்களில் முதலாவதான எம்.எஸ்.ஹெச்.2 கையில் அகப்பட்டது 1993இல். தன் வீட்டுச் சாவுகளை எண்ணிப் பார்த்து ஒரு தையல்காரி சொன்னதை மருத்துவம் உறுதி செய்ய ஏறக்குறைய நூறு வருடம் பிடித்திருக்கிறது. குடும்ப விவரம் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்ட ரிக்வெஸ்ட் ஃபாரம் வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இனி, வெறுமையை எப்படி நம்புவது என்பதற்கு வருகிறேன்.

கட்டிக்குள் கட்டிச் செல்கள் மட்டும் இருப்பதில்லை. இடையிடையே நிணநீர்ச் செல்கள், நார்ச்செல்கள், ரத்தக்குழாய்ச் சுவர், ஓரத்தில் மிஞ்சிய நல்ல குடல் சுரப்பிகள். இவை நோயாளியின் இயல்பான செல்கள். பரம்பரைப் பிழை உள்ளவருக்கும் ஒவ்வொரு செல்லிலும் ஜீனின் ஒரு நல்ல பிரதி இருக்கும். அந்த ஒன்றே புரதத்தைச் செய்யப் போதும். கட்டியில் மட்டும்தான் அந்த இரண்டாவதும் போயிருக்கும். ஆகவே சரியான ஸ்லைடு என்றால், நீலக் கட்டிச் செல்களுக்கு நடுவே நிணநீர்ச் செல்களின் உட்கரு மிளகைத் தூவியது போல் பழுப்பாகத் தெரிய வேண்டும். அவை பழுப்பு, கட்டி நீலம் என்றால் புரதம் இல்லை என்று கையெழுத்துப் போடலாம். இரண்டும் நீலம் என்றால் ஸ்லைடு ஃபெயில், மறுபடி போடு. இதற்கு இன்டர்னல் கன்ட்ரோல் என்று பெயர். அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. நான் பின்னால் வந்த பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதுதான். அதுபோக ஸ்லைடின் ஓரத்தில் வேறொருவரின் அப்பெண்டிக்ஸ் துண்டு ஒன்றையும் சேர்த்து ஏற்றுவோம். அது எக்ஸ்டர்னல் கன்ட்ரோல்.

2017 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., உறுப்பு எதுவானாலும் இந்த நான்கு புரதங்களின் திருத்த வேலை பழுதான புற்றுக்கு பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு வரும் ஸ்லைடுகள் பெருகிவிட்டன. பிழை திருத்தாத கட்டியில் விகாரப் புரதங்கள் குவியும். எதிர்ப்பு சக்திக்கு அவை அந்நியமாகத் தெரியும். மருந்து அந்த எதிர்ப்பு சக்தியின் கட்டை அவிழ்க்கிறது. 2022இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங்கில் இப்படிப்பட்ட மலக்குடல் புற்று உள்ள 12 பேருக்கு டோஸ்டர்லிமாப் கொடுத்ததில் 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அந்த மருந்துகளின் விலை எங்களிடம் வரும் பல குடும்பங்களுக்கு எட்டாதது. எட்டும் ஒருவருக்காவது என் ஸ்லைடு தவறிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு அதற்குப் பிறகு கூடிவிட்டது.

தவறும் இடங்களை அனுபவத்தில்தான் கற்க முடியும். கதிர்வீச்சும் கீமோவும் முடித்து அறுவை செய்த மலக்குடலில் எம்.எஸ்.ஹெச்.6 மங்கியோ இல்லாமலோ வரும். அது சிகிச்சையின் விளைவாக இருக்கலாம். சிகிச்சைக்கு முந்தைய பயாப்சியைத் தேடி வாங்கிப் போட வேண்டும். ஆனால் நோயாளி ஏற்கெனவே கதிர்வீச்சு எடுத்தவர் என்பதை ஃபாரத்தில் எழுதாமலே அனுப்புவார்கள். எம்.எல்.ஹெச்.1இன் எம்1 என்ற குளோனில், கட்டியின் உட்கருவுக்குள் புள்ளி புள்ளியாக ஒரு பழுப்பு வருவதுண்டு. அதை நிறம் என்று கணக்கில் எடுத்தால் இல்லாத புரதத்தை இருப்பதாக எழுதிவிடுவோம். நான்கில் பி.எம்.எஸ்.2தான் என்னை அதிகம் படுத்தியது. முன்பு நாங்கள் வைத்திருந்த எலி குளோனில் நல்ல செல்களே வெளிறிய தேநீர் நிறத்தில்தான் வரும். முயல் குளோனுக்கு மாறிய பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ஒருமுறை புதிய லாட் வந்தது. அதே கம்பெனி, அதே குளோன், குப்பியின் அடியில் எண் மட்டும் வேறு. பழைய லாட்டுக்குச் சரியாக இருந்த அளவில் போட்டால் பாதி நிறம்தான் ஏறியது. பழைய குப்பியில் மிச்சம் வைத்திருந்ததால் இரண்டையும் ஒரே திசுவில் அருகருகே போட்டுப் பார்த்துப் பிடிக்க முடிந்தது. அன்றிலிருந்து பழைய லாட்டில் கடைசி 20 மைக்ரோலிட்டரை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் லேபின் சட்டம்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நான் 8எஃப்1 கதையைச் சொல்வேன். ஈ.ஆர்.சி.சி.1 என்பது வேறொரு டி.என்.ஏ. பழுதுபார்ப்புப் புரதம், தன் ஜோடியோடு சேர்ந்து, சிஸ்பிளாட்டின் மருந்து டி.என்.ஏ.வில் உண்டாக்கும் சேதத்தை வெட்டியெடுக்கும். பாரிசை அடுத்த குஸ்தாவ் ரூசி மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2006இல் 761 நுரையீரல் கட்டிகளில் 8எஃப்1 என்ற ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தார்கள். ஈ.ஆர்.சி.சி.1 இல்லாத கட்டி உள்ளவர்களுக்குத்தான் அறுவைக்குப் பிந்தைய சிஸ்பிளாட்டின் பலன் தருகிறது என்று தெரிந்தது. பெரிய செய்தி. யாருக்கு வீணாகக் கீமோ கொடுக்க வேண்டாம் என்பதை ஒரு குப்பி சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த ஆன்டிபாடி உட்கருவிலேயே உள்ள வேறொரு புரதத்திலும் ஒட்டுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2013இல் அதே பிரெஞ்சுக் குழு வேறு இரண்டு சோதனைகளின் 494 நோயாளிகளில் சரிபார்த்தது. முந்தைய முடிவு திரும்ப வரவில்லை. பழைய ஆய்வின் 589 பேரின் திசுவையே மறுபடி சாயமிட்டார்கள். பழைய விடையோடு ஒத்துப்போகவில்லை. 2006க்குப் பிறகு அந்த ஆன்டிபாடியின் நடத்தையே மாறியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சந்தையில் இருந்த 16 ஆன்டிபாடிகளையும் சோதித்தார்கள். அந்தப் புரதத்துக்கு நான்கு வடிவங்கள். ஒன்றுக்குத்தான் பழுதுபார்க்கும் முழு ஆற்றல். 16இல் ஒன்றாலும் அந்த ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. முதலில் வெளியிட்ட அதே பத்திரிகையில், முதலில் எழுதியவர்களே இதையும் எழுதினார்கள். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இடைப்பட்ட ஏழு வருடங்களில் எத்தனை மேசைகளில் எத்தனை பேர் அந்தப் பழுப்பை நம்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும், நான் அந்த இன்டர்னல் கன்ட்ரோல் விதியை அளவுக்கு மீறி நம்பிய ஒரு நாள் உண்டு.

பதினான்கு வயதுப் பையன். பெருங்குடலில் நிறையப் பாலிப்புகள், அவற்றில் ஒன்று புற்றாகியிருந்தது. வேறு ஊரில் எடுத்த பயாப்சி. அப்பா மஞ்சப்பையில் பிளாக்கைக் கொண்டுவந்திருந்தார். நான்கும் போட்டேன். எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6 மூன்றும் அழகாக வந்தன. பி.எம்.எஸ்.2 நீலம். கட்டி மட்டுமல்ல, நிணநீர்ச் செல், நார்ச்செல், ஓரத்துச் சுரப்பி எல்லாமே நீலம். இன்டர்னல் கன்ட்ரோல் ஃபெயில். ஸ்லைடின் ஓரத்து அப்பெண்டிக்ஸ் மட்டும் நன்றாகப் பழுப்பாக இருந்தது. திசுவின் பதம் சரியில்லை என்று முடிவு செய்தேன். நான்கில் முதலில் சுணங்குவது பி.எம்.எஸ்.2தானே. மறுபடி வெட்டினேன். கொதிக்கும் நேரத்தைக் கூட்டினேன். நீலம். ஆன்டிபாடி அளவைக் கூட்டி மூன்றாவது முறை. நீலம். அது அரிசியில் பாதி அளவுத் துணுக்கு. ஒவ்வொரு முறையும் பிளாக்கை நேராக்க மேலே சீவும் மெழுகோடு கொஞ்சம் திசுவும் போகிறது. நான்காவது முறைக்குப் பிளாக்கை ஐஸில் கவிழ்த்திருந்தபோது மேடம் வந்து மூன்று ஸ்லைடுகளையும் கேட்டார்.

வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் இருந்தார். பிறகு, "பையனோட அப்பா இங்க இருக்காரா?" என்றார்.

கவுன்டர் பெஞ்சில்தான் இருந்தார். மேடம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினார். நான் கோப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்களும் உங்க வீட்ல அம்மாவும் சொந்தமா?"

"ஆமா மேடம். எங்க அக்கா மகளத்தான் கட்டியிருக்கேன்."

"பையன் உடம்புல காபி கலர்ல திட்டு எதுவும் இருக்கா?"

அவர் முகம் மாறியது. "பொறந்ததுல இருந்து இருக்குங்க. முதுகுல, இடுப்புல. தேமல்னு நெனச்சு மருந்தெல்லாம் போட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?"

உண்டு. இந்த நான்கு ஜீன்களில் ஏதோ ஒன்றில் ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களைப் பார்த்தே நான் பழகியிருந்தேன். இரண்டு பிரதியும் கெட்டுப் பிறக்கும் குழந்தைகள் உண்டு; 1999இல் அவர்களைப் பற்றி முதலில் எழுதினார்கள். அவர்கள் உடம்பின் எந்தச் செல்லிலும் அந்தப் புரதம் இருக்காது. அந்தப் பையனின் நிணநீர்ச் செல் பழுப்பாக வரவே வராது. இந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பழுது பி.எம்.எஸ்.2இல்தான். ஒரு பிரதி மட்டும் கெட்ட பெற்றோருக்கு இந்த ஜீனில் ஆபத்து குறைவு என்பதால் குடும்பத்தில் புற்று என்ற பேச்சே இருக்காது. பையனின் அப்பாவுடைய பெற்றோர்தான் அம்மாவுக்கு அம்மாச்சியும் தாத்தாவும். அவர்களில் ஒருவரிடமிருந்து ஒரே எழுத்துப் பிழை மகன் வழியாகவும் மகள் வயிற்றுப் பேத்தி வழியாகவும் இறங்கி வந்து இந்தப் பிள்ளையிடம் சேர்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அக்கா மகளைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதைக் குற்றமாகப் பேசும் குரல் எதையும் மேடம் அன்று எழுப்பவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்னொரு மடங்கு மரியாதை.

நான்காவது முறை அந்தப் பிளாக்கை வெட்டவில்லை. பையனின் கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நல்ல தோல், நோயில்லாத தோல். நானே ஃபார்மலின் ஊற்றினேன், நேரம் குறித்தேன், மெழுகில் பதித்தேன். இயந்திரத்தை நம்பாமல் குக்கரை எடுத்தேன். ஸ்லைடின் ஒரு பக்கம் பையனின் தோல், மறுபக்கம் வேறொருவரின் தோல். பி.எம்.எஸ்.2 போட்டு, டேப் ஊற்றிவிட்டு ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்தபோது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வேறொருவரின் தோலில் பழுப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. பையனின் தோலில் ஏறவில்லை. பிறகு எம்.எல்.ஹெச்.1 போட்டேன். இரண்டு பக்கமும் பழுப்பு.

ரத்தத்தில் ஜீன் சோதனைக்கு வெளியூருக்கு அனுப்பினார்கள். நகல்களின் தொல்லையால் அது வரச் சில வாரம் ஆனது. வந்தபோது ஸ்லைடு சொன்னதைத்தான் சொன்னது. பையனுக்கு இனி தவறாமல் கொலனோஸ்கோப்பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூளைக்கு எம்.ஆர்.ஐ. அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள், ஆறு வயது. அவளுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் அவளிடமும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் எங்கள் மேசைக்கு வராது.

சிகிச்சைக்காகப் பிளாக்கைத் திரும்ப வாங்க அப்பா வந்தார். ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிவிட்டு ஜிப் கவரை அவரிடம் நீட்டினேன். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சார், கொண்டாந்தப்ப இதுல இன்னும் கொஞ்சம் பெருசா தெரிஞ்சுச்சு. இப்ப எவ்வளவு இருக்கு?"

"வெட்டினதுல கொறஞ்சிருக்குண்ணே. இன்னும் கொஞ்சம் இருக்கு. நான் கூடுதலா ரெண்டு தடவ வெட்டிட்டேன்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கவரை அதில் சுற்றி, மஞ்சப்பைக்குள் கோப்புகளுக்கு நடுவில் நசுங்காத இடமாகப் பார்த்து வைத்தார். "வெயிலுக்கு இளகிருமோ?" என்று கேட்டார். நான் உள்ளே போய் ஃபிரிட்ஜிலிருந்து, ஆன்டிபாடிக் குப்பியோடு வந்த ஜெல் பேக் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தேன்.